ஃப்ரிட்ஜுக்குள் வைத்த சாவி

மே 29, திங்கள்

யாரிடமாவது கத்த வேண்டும் போல இருக்கிறது. அறைத்தோழி ஊருக்குப் போய்விட்டாள். மிச்சம் இருப்பது இந்த நோட்டுதான்.

காலையில் லொக்கேஷன் பார்க்கப் போனோம். மூன்று வருடம் படித்ததற்கு முடிவாக ஒரு டிப்ளமோ படம் எடுக்க வேண்டும், இருபது நிமிடம். நிரஞ்சன் டைரக்‌ஷன், சித்திக் கேமரா, பெஞ்சமின் எடிட்டிங், நான் சவுண்டு. நான்கு பேருக்கும் சேர்த்துத்தான் மதிப்பெண். நிரஞ்சன் வாயைத் திறந்தால் ‘என் படம், என் படம்’தான். நாங்கள் மூன்று பேரும் பந்தல் போட வந்தவர்கள்.

வீடு பெஞ்சமினின் அக்கா எஸ்தருடையது. குன்றத்தூர் பக்கம், முதல் மாடி. அவருக்கு ஏழாம் மாதமே பிரசவமாகிவிட்டது. குழந்தை ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. அவரும் கணவரும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார்கள், மூன்று நாளுக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்து போகிறார்கள். பூட்டிக் கிடக்கும் வீட்டில் தம்பி படம் எடுத்துக்கொள்ளட்டும் என்று சாவியைக் கொடுத்துவிட்டார்கள்.

நிரஞ்சன் ஒரு மணி நேரம் ஜன்னல் வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் கண்ணை மூடிக்கொண்டு சமையலறையில் நின்றேன். ஃபேனை நிறுத்திவிடலாம். தெருவில் தண்ணீர் லாரி வரும், அதற்கு இடைவெளி பார்த்து எடுக்கலாம். பெரிய தலைவலி ஃப்ரிட்ஜ். பழசு, ஓயாமல் உறுமுகிறது. படத்தின் முக்கியமான காட்சியே கணவனும் மனைவியும் அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசாமல் சாப்பிடுவதுதான்.

“டேக் நடக்கும்போது இதை அணைக்கணும்” என்றேன்.

பெஞ்சமின் ஃப்ரீசர் கதவைத் திறந்து காட்டினான். உள்ளே சின்னச் சின்ன பிளாஸ்டிக் பைகள். ஒவ்வொன்றின் மேலும் மார்க்கரில் தேதியும் நேரமும் எழுதியிருந்தது. அவனுடைய அக்காவின் பால். குழந்தை இப்போது சொட்டுச் சொட்டாகத்தான் குடிக்கிறதாம். மீதியை எல்லாம் பிழிந்து சேர்த்து வைக்கிறார்களாம். பின்னால் குழந்தைக்குப் பசி கூடும்போது பால் போதாமல் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

“டேக் வரைக்கும்தான் ஆஃப். கட் சொன்ன உடனே ஆன். ஓகேவா, இசக்கி?”

“என் வண்டிச் சாவியை உள்ள வச்சிருதேன். போதுமா?”

அவன் சிரித்தான். சவுண்டு ஆட்களின் பழக்கம் அது, முதல் வருடமே கற்றுக்கொண்டது. ஃப்ரிட்ஜை அணைத்ததும் வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிட வேண்டும். சாவியை எடுக்காமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. எடுக்கத் திறந்தால் உள்ளே விளக்கு எரியாது. விளக்கு எரியவில்லை என்றால் சுவிட்ச் ஞாபகம் வந்துவிடும். மூன்று வருடத்தில் நான் ஒரு தடவைகூடத் தப்பவிட்டதில்லை.


ஜூன் 2, வெள்ளி

முதல் நாள் ஷூட்டிங். ஆறு தடவை அணைத்து ஆறு தடவை போட்டேன். எண்ணிக்கொண்டே இருந்தேன். பெஞ்சமினும் எண்ணியிருக்கிறான்.

மைக் மாட்டிய பூம் கம்பைப் பிடித்துப் பிடித்துத் தோள்பட்டை கழன்றுவிட்டது. மைக்கின் நிழல் சுவரில் விழுந்ததாம். “உன் குச்சியைக் கொஞ்சம் தள்ளிப் பிடி” என்றான் நிரஞ்சன். குச்சியாம். கேமராவை நான் டப்பா என்று சொன்னால் சும்மா இருப்பானா?

துணி ஊறவைத்திருக்கிறேன். துவைக்கத் தெம்பில்லை.


ஜூன் 3, சனி

அத்தனை கோபம் வருகிறது.

மத்தியானம் அந்தச் சாப்பாட்டுக் காட்சி. எல்லாம் தயார். ஃப்ரிட்ஜை அணைத்து, சாவியை உள்ளே வைத்தேன். நான்காவது டேக் நடிப்பில் பிரமாதம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கடைசியில் அந்தப் பெண் தட்டைத் தள்ளிவிட்டு ‘போதும்’ என்று சொல்லும் இடத்தில், தெருவில் தண்ணீர் லாரி ஹாரன் அடித்துவிட்டது. படத்திலேயே அவள் பேசுகிற ஒரே சொல் அது. அதன் மேல் ஹாரன்.

“ஒன் மோர் போகணும்” என்றேன்.

“வெளிச்சம் போகுது. டப்பிங்ல பார்த்துக்கலாம்.”

“அந்த மூச்சை டப்பிங்ல எப்படி எடுப்ப? அஞ்சு நிமிஷம் கொடு, போதும்.”

“இசக்கி, படத்தைக் கண்ணாலதான் பார்ப்பாங்க.”

சரி, அதையும் விழுங்கினேன். ரூம் டோனாவது எடுக்கலாம், ஒரு நிமிடம் எல்லோரும் அசையாமல் நில்லுங்கள் என்றேன். ஒவ்வொரு அறைக்கும் அதற்கென்று ஓர் அமைதி இருக்கிறது. யாரும் பேசாதபோது அந்த அறையில் என்ன கேட்கிறதோ அதுதான் ரூம் டோன். அதைத் தனியாகப் பதிவு செய்து வைத்தால்தான் எடிட்டிங்கில் ஷாட்டுக்கு ஷாட் வெட்டுவது காதுக்குத் தெரியாது. முதல் செமஸ்டர் பாடம் இது. நிரஞ்சனும் என்னோடு அதே பெஞ்சில் உட்கார்ந்து கேட்டவன்தான்.

அவன் என்ன சொன்னான் தெரியுமா? “ஒண்ணுமே இல்லாததை ரெக்கார்டு பண்ண இத்தனை பேர் எதுக்கு நிக்கணும்? வால்யூமை ஜீரோல வச்சாப் போச்சு.”

எல்லோரும் சிரித்தார்கள். லைட்டுக்கு வந்த அண்ணன்மார், சித்திக், நடிக்க வந்தவர்கள், எல்லோரும். பெஞ்சமின் சிரிக்கவில்லை. ஆனால் வாயைத் திறந்து ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

“நீயே ஜீரோல வச்சு நீயே கேட்டுக்கோ, போ!” என்று கத்திவிட்டு, ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு படி இறங்கிவிட்டேன். பின்னால் பெஞ்சமின் கூப்பிட்டான். திரும்பிப் பார்க்கவில்லை. தெருமுனை வரை நடந்து, ஆட்டோ பிடித்து வந்தேன். வண்டி ஓட்டுகிற நிலையிலா இருந்தேன்?

திங்கட்கிழமை டைரக்‌ஷன் துறைத்தலைவரிடம் எழுத்தில் புகார் கொடுக்கப்போகிறேன்.


ஜூன் 4, ஞாயிறு

நாள் முழுக்கத் தூக்கம். வண்டிச் சாவியைக் காணோம். பை, பேன்ட், ரெக்கார்டர் உறை எல்லாம் கொட்டிப் பார்த்தாயிற்று. சிவப்பு மரப் பம்பரம் கோத்த சாவிக்கொத்து, ஊரில் அப்பா வாங்கித் தந்தது. ஆட்டோவில் விழுந்திருக்கும். மாற்றுச் சாவியைக் கூரியரில் அனுப்பச் சொல்லி அம்பாசமுத்திரத்துக்கு அண்ணனிடம் பேசினேன்.


ஜூன் 5, திங்கள்

பெஞ்சமின் காலையில் போன் செய்தான்.

எஸ்தர் அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருக்கிறார். கதவைத் திறந்ததுமே நாற்றம். ஃப்ரிட்ஜ் அணைந்து கிடந்திருக்கிறது. ஃப்ரீசரில் இருந்தது அத்தனையும் உருகி, புளித்து, கீழே வழிந்திருக்கிறது. மொத்தம் ஐம்பத்தொரு பை.

“நீ போறப்ப ஆன் பண்ணியா, இசக்கி?”

“பண்ணினேன்.”

“கரெக்டா ஞாபகம் இருக்கா?”

“என்னையவே சந்தேகப்படுதியா? மூணு வருசமா இந்த வேலையத்தான் செய்யுதேன். எனக்குப் பிறவு ஆள் இல்லையா அங்க? லைட்டு கழட்டினவங்க யாராவது வொயரப் பிடுங்கியிருப்பாங்க. பூட்டினது நீதானே? நீ பார்த்தியா?”

 அப்புறம் “சரி” என்று வைத்துவிட்டான்.

சுவிட்சில் என் கை பட்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அது வெள்ளிக்கிழமையா சனிக்கிழமையா என்று கேட்டால் என்ன சொல்ல? எட்டு பத்து தடவை போட்டு அணைத்த சுவிட்ச். இதற்கெல்லாம் மூலகாரணம் நிரஞ்சன். அவன் அந்த ஒரு நிமிடத்தைக் கொடுத்திருந்தால் எல்லாம் முறைப்படி முடிந்திருக்கும்.

புகார்க் கடிதம் எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை.


ஜூன் 7, புதன்

எஸ்தர் அக்கா தம்பியோடு பேசுவதில்லையாம். சித்திக் சொன்னான். பெஞ்சமின் ‘நான்தான் அணைச்சேன், போட மறந்துட்டேன்’ என்று அக்காவிடம் சொல்லிவிட்டானாம்.

இவனை யார் கேட்டார்கள்? யார் இவனைத் தியாகியாகச் சொன்னது? நேரே வந்து என் முகத்தில் கேட்க வேண்டியதுதானே? பெரிய உத்தமன் மாதிரி பழியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு அலைகிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.


ஜூன் 8, வியாழன்

மாற்றுச் சாவி வந்தது. குன்றத்தூர் போய் வண்டியை எடுத்து வந்தேன். ஐந்து நாள் வெயிலில் நின்று சீட்டு கொதித்தது.

மேலே போகவில்லை. மாடியில் கதவு திறந்திருந்தது. பாவம், ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைகிறவர்கள், படுத்திருப்பார்கள். தொந்தரவு எதற்கு?


ஜூன் 12, திங்கள்

எடிட்டிங் அறையில் பெஞ்சமினோடு உட்கார்ந்து சத்தத்தையும் படத்தையும் பொருத்தினேன். வழக்கம்போல நான்கு மணிக்கு எழுந்து “டீ?” என்றான். மூன்று வருடமாக அவன் கேட்கும் ஒற்றைச் சொல் கேள்வி. போனோம். அவனே பேசினான்.

“பாப்பாவுக்குப் பால் கூட்டச் சொல்லிட்டாங்க. அக்காவுக்கு சுத்தமா வரல. மனசு விட்டுப்போனா பால் வத்திடுமாம். பவுடர் பால் கொடுத்தாங்க, ஒத்துக்கல. வயிறு உப்பிடுச்சு. இப்ப வேற ஒரு அம்மா கொடுத்த பால் கொஞ்சம் கிடைச்சிருக்கு.”

“உயிருக்கு ஒண்ணும்...?”

“இல்ல. ஆனா அம்பது கிராம் குறைஞ்சிடுச்சு. பதினாலு நாள்ல ஏத்தினது.”

 ‘சரியாகிவிடும்’ என்று ஏதோ சொன்னேன். சர்ச்சில்கூட அக்கா அவன் பக்கத்தில் உட்காரவில்லையாம்.

சனிக்கிழமை எடுத்த கடைசி ஃபைலை நான் இன்னும் கேட்கவில்லை. வேலை அதிகம்.


ஜூன் 13, செவ்வாய்

கேட்டேன். டேக் முடிகிறது. என் குரல், நிரஞ்சன் குரல், சிரிப்பு, நான் கத்துவது. அப்புறம் என் செருப்புச் சத்தம், ரெக்கார்டரை நிறுத்துகிற ‘டிக்’.

உறுமல் எங்கேயும் இல்லை.


ஜூன் 14, புதன்

ரெக்கார்டரை நிறுத்திய பிறகு போட்டிருக்கலாம் அல்லவா?


ஜூன் 16, வெள்ளி

சாப்பாட்டுக் காட்சியைப் பெஞ்சமின் வெட்டி முடித்திருக்கிறான். கண்ணுக்கு அருமை. காதுக்குச் சகிக்கவில்லை. ஒவ்வொரு வெட்டிலும் ‘சுவிக், சுவிக்’ என்று அமைதி மாறுகிறது. ஒரு ஷாட்டில் தூரத்து ஃபேன், அடுத்ததில் குருவி, அதற்கடுத்ததில் ஒன்றும் இல்லை.

“ரூம் டோன் வேணும்” என்றான் பெஞ்சமின். “யாராவது அங்க திரும்பப் போகணும்.”

நிரஞ்சன் சோபாவில் சாய்ந்தபடி, “நெட்ல ஏதாவது ஒரு ரூமோட சைலன்ஸ எடுத்து ஒட்டு, யாருக்குத் தெரியப்போகுது?” என்றான்.

“எனக்குத் தெரியும்!” என்று கத்தினேன். “அது வேற எவன் வீட்டு அமைதியோ. அந்த வீட்டுல அவ பேசாம உக்காந்திருக்கா. அந்த வீட்டு அமைதிதான் வேணும்.”

“அப்ப நீயே போய் எடுத்துட்டு வா. எடுக்காம ஓடினது நீதானே?”

அந்த ஆளை அறைந்திருக்க வேண்டும். அறையாமல் விட்டதற்குக் காரணம், ஒருமுறையாவது அவன் சொன்னது சரியாக இருந்ததுதான்.


ஜூன் 20, செவ்வாய்

குழந்தையை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். ஒரு கிலோ எண்ணூறு. சித்திக் இனிப்பு வாங்கி வந்தான். பெஞ்சமின் இன்னும் பார்க்கவில்லை. அக்கா வரச் சொல்லவில்லை.

இனிப்பு என் மேஜையில் அப்படியே இருக்கிறது, எறும்பு மொய்க்கிறது.


ஜூன் 22, வியாழன்

போனேன்.

எஸ்தர் அக்காதான் கதவைத் திறந்தார். நான் நினைத்திருந்ததைவிடச் சின்ன உருவம். தோளில் ஒரு துண்டு.

“சவுண்டா?”

“ஆமாக்கா. ஒரு நிமிஷ வேலைதான்.”

“தம்பி மெசேஜ் அனுப்பியிருந்தான், ஒருத்தர் வருவாங்கன்னு. உள்ள வா. பாப்பா தூங்குது, செருப்ப மெதுவா விடு.”

சமையலறையில் ஸ்டாண்டை நிறுத்தி மைக்கை மாட்டினேன். ஹெட்போன் போட்டேன். ஃப்ரிட்ஜ் காதுக்குள் உறுமியது. இந்தக் கட்டம் வரும் என்று எனக்குத் தெரியாமலா இருந்தது? வண்டியில் வரும்போது நூறு விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தேன். 

“அக்கா, ஒரு நிமிஷம்... இந்த ஃப்ரிட்ஜை...”

அவர் என்னையே பார்த்தார். பிறகு போய் சுவிட்சில் விரலை வைத்தார்.

“நானே அணைக்கிறேன். நானே போடுறேன். அதுவரைக்கும் கைய எடுக்க மாட்டேன். எடுத்துக்கோ.”

அணைத்தார். விரல் சுவிட்சிலேயே இருந்தது. ரெக்கார்டரை ஓடவிட்டேன்.

மூன்று வருடத்தில் எத்தனையோ அறைகளின் அமைதியைப் பதிவு செய்திருக்கிறேன். இதுபோல ஒன்றைக் கேட்டதில்லை. குழாய் சொட்டியது. கீழ் வீட்டில் யாரோ பாத்திரம் வைத்தார்கள். அக்காவின் மூச்சு கேட்டது. அதற்கும் பின்னால், உள் அறையிலிருந்து, குழந்தையின் மூச்சு. அது வேகமாக, சின்னச் சின்னதாக வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் அடுத்தது வருமா என்று எனக்குப் பயமாக இருந்தது. இருபது விநாடி. முப்பது. ரூம் டோன் எடுக்கும்போது யாரும் பேசக்கூடாது. சவுண்டு எடுக்கிறவளே பேசுவது கேவலத்திலும் கேவலம்.

“நான்தான்க்கா அணைச்சேன். கோவத்துல போடாமப் போயிட்டேன். போட்டேன்னு அவன்கிட்ட பொய் சொன்னேன்.”

அவர் திரும்பவே இல்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடியே நின்றார். முழு நிமிடமும் முடிந்த பிறகு சுவிட்சைப் போட்டார். ஃப்ரிட்ஜ் ஒரு குலுங்கு குலுங்கி உறும ஆரம்பித்தது. ஃப்ரீசரைத் திறந்தார். ஏழெட்டுப் பைகள்தான் இருந்தன. அவற்றுக்குப் பின்னாலிருந்து ஒரு பாலித்தீன் கவரை எடுத்து மேடையில் வைத்தார். உள்ளே என் சாவி. சிவப்புப் பம்பரத்தில் பனி படிந்திருந்தது.

“முட்டைத் தட்டுல இருந்துச்சு. பெஞ்சமின் வந்து தான்தான் அணைச்சேன்னு சொல்றான். அவனுக்கு ஒரு சைக்கிள்கூடக் கிடையாது.”

நான் சாவியைப் பார்த்தேன்.

“அப்புறம் நீ வந்து கீழ வண்டி எடுத்த. ஜன்னல்லேர்ந்து பார்த்தேன். மேல வருவேன்னு கதவத் திறந்து வச்சேன். வரல. சரி, என்னைக்கு வராங்கன்னு பார்ப்போம்னு சாவிய இதுக்குள்ள போட்டேன். சாவி கிடைச்சு இன்னையோட பதினேழு நாள்.”

“மன்னிச்சிருங்கக்கா.”

“அத விடு. அம்பத்தொரு பை. ஒவ்வொண்ணா பிரிச்சு நான்தான் சிங்க்ல ஊத்தினேன். ஒவ்வொண்ணும் எந்த ராத்திரி, எத்தன மணின்னு எழுதியிருந்துச்சு, படிச்சுப் படிச்சு ஊத்தினேன். கோவத்துல போயிட்டேன்னு சொல்ற. எனக்கும் கோவம்தான். எங்க போறது சொல்லு? மூணு மணி நேரத்துக்கு ஒருதரம் உக்காந்து பிழியணும்.”

குழந்தை முனகியது. அவர் அறைப் பக்கம் திரும்பினார்.

“பாலுக்காக நான் தம்பிகிட்ட பேசாம இல்ல. என் முகத்தப் பார்த்து பொய் சொன்னானே, அதுக்கு. நீ என்கிட்ட சொன்னது பத்தாது. அவன்கிட்ட சொல்லு. நான் சொல்ல மாட்டேன்.”

குழந்தையைக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை. சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினேன். வண்டி வரை வருவதற்குள் உள்ளங்கை மரத்துவிட்டது.


ஜூன் 23, வெள்ளி

ஃபைலைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். என் குரல் வருவதற்கு முன்னால் வெட்டிவிட்டுக் கொடுத்தால் போதும், எடிட்டருக்கு வேண்டியது அவ்வளவுதான். வெட்டவும் செய்தேன். வெட்டியதை ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அதை அழித்துவிட்டு முழு ஃபைலையும் கொண்டுபோய்ப் பெஞ்சமினிடம் கொடுத்தேன்.

அவன் ஹெட்போனை மாட்டினான். நான் பின்னால் நின்றேன். திரையில் சத்தத்தின் கோடு நேராக ஓடி, ஓரிடத்தில் மட்டும் குபுக்கென்று எழும்பி, மறுபடியும் நேராக ஓடியது. எழும்பிய இடத்தைத் தாண்டியும் அவன் நிறுத்தவில்லை. கடைசி வரை கேட்டான். ஹெட்போனைக் கழற்றி வைத்தான்.

“பாப்பா மூச்சா அது?”

“ஆமா.”

திரும்பி உட்கார்ந்தான். அவன் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. குரல் ஏறவில்லை, ஆனால் கன்னம் துடித்தது.

“எனக்கு அன்னைக்கே தெரியும். உன் வண்டி கீழயே நின்னுது. அதான் போன் பண்ணிக் கேட்டேன். மறந்துட்டேன்னு சொல்லியிருந்தா, ரெண்டு பேரும் சேர்ந்து போய் அக்கா கால்ல விழுந்திருக்கலாம். நீ சத்தம் போட்ட. வொயரப் பிடுங்கினாங்கன்ன. நீ பார்த்தியான்னு என்னையே கேட்ட.”

“பெஞ்சமின், நான்...”

“ஃப்ரிட்ஜ நீ மறந்துட்ட. அது யாருக்கும் வரும். போன்ல மறந்தா பேசின?”

இதற்குப் பதில் என்னிடம் இல்லை. கோபம் கோபமாக எழுதிய இந்த நோட்டை முதலிலிருந்து புரட்டிப் பார்த்துவிட்டேன், இதிலும் இல்லை. நிரஞ்சன் மேல், லைட்டுக்காரர்கள் மேல், பெஞ்சமின் மேல் எல்லாம் இத்தனை பக்கம் கோபப்பட்டிருக்கிறேன். கோபப்பட வேண்டிய ஆளை மட்டும் பத்திரமாக மூடி வைத்திருந்திருக்கிறேன்.

அவன் திரையின் பக்கம் திரும்பி, என் குரலுக்கு முன்னால் ஒரு வெட்டு வெட்டினான்.

“முப்பத்தெட்டு செகண்ட் சுத்தமா இருக்கு. போதும்.”

சாப்பாட்டுக் காட்சிக்கு அடியில் அதை விரித்துப் போட்டு ஓடவிட்டான். ‘சுவிக்’ சத்தமெல்லாம் அடங்கிவிட்டது. அந்தப் பெண் தட்டைத் தள்ளும்போது எஸ்தர் அக்கா வீட்டின் அமைதி அவளைச் சுற்றி நின்றது. யாரும் கவனிக்க மாட்டார்கள். அதற்குள் ஒரு குழந்தை மூச்சு விடுகிறது.

நான்கு மணிக்கு எழுந்தான். போனை எடுத்துக் காதில் வைத்தபடி கதவைத் திறந்தான். “அக்கா, நான்தான்... வெச்சிடாத” என்பது வரைதான் கேட்டது. கதவு மூடிக்கொண்டது.

டீக்கு என்னைக் கூப்பிடவில்லை.